அது கறையில்லை அப்பா, பாட்டியின் பச்சை!

அப்பாவுக்கு 2021-ஆம் ஆண்டு 60 வயது நிறைந்தது. கூலிமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த நேரம் என்பதால் பிரியாவிடை விருந்துகூட இல்லை. ஒரு கைக்கடிகாரத்தையும் பாராட்டுக் கடிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல மோட்டாரில் சுங்கை பட்டாணி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். குளித்தார், சட்டை மாட்டினார், கோப்பி குடித்தார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மா எனக்குப் போன் செய்தார்.

"உங்கப்பா காலையில இருந்து மூணு தடவ கேட்ட தொறந்து மூடிட்டாரு. நீ ஏதாச்சும் செய்மா."

நான் கோலாலம்பூரில் வானொலியில் வேலை செய்கிறேன். நேயர்களுக்கு ஆயிரம் யோசனை சொல்லும் எனக்கு, சொந்த அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அலமாரியில், ஊடகவியல் படித்த காலத்தில் வாங்கிய பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று கிடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்ததும், அதைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தேன்.

முதல் வாரம் 300 படங்கள் எடுத்தார். பாதிப் படங்களில் எங்கள் வீட்டுப் பூனை. மீதியில் பப்பாளி மரம். அம்மாவை எடுத்த படங்களில் அம்மாவுக்கு நெற்றிக்கு மேல் தலை இல்லை. இருந்தாலும் கேட்டைத் திறந்து மூடுவது நின்றுவிட்டது.

நம் வீடுகளில் ஆண்டுதோறும் யாராவது ஓய்வு பெறுகிறார்கள். "இனி கோயில் குளம்னு இருங்க, பேரப்பிள்ளைய பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். அவர்களில் யாருக்காவது ஒரு கேமரா கொடுக்கலாமா என்று நீங்கள் யோசித்தால், எங்கள் வீட்டுக் கதை உதவலாம். இதில் ஒரு தவறும் இருக்கிறது. அந்தத் தவறுதான் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

கெடாவில் எடுக்க என்ன இருக்கிறது?

"இங்க என்னா இருக்கு படம் புடிக்க? எஸ்டேட்டும் வயக்காடும்தான்" என்றார் அப்பா. அந்த இரண்டும் போதும் என்று தெரிய அவருக்கு ஆறு மாதம் ஆனது.

முதலில் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம். சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் பீடோங், குருண், யான், மெர்போக் என எங்கே நின்றாலும் ஏதோ ஒரு முகம் காட்டும். வெயில் ஏறினால் உச்சியில் மேகம் கூடிவிடும். ஆகவே விடிந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கெடாவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். தோட்டத்தில் பிறந்து ஐந்து மணிக்கு எழுந்தே பழகியவர்களுக்கு இது தாமதமான நேரம்தான்!

பிறகு ரப்பர். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை சிவந்து உதிரும் காலத்தில் தோட்டம் முழுவதும் செம்பு நிறமாகிவிடும். வரிசை வரிசையாக நிற்கும் மரங்கள், பார்ப்பவரின் கண்ணைத் தானாகவே தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆனால் மரநிழல் இருட்டும், இலை இடுக்கில் தெரியும் வானத்தின் வெளிச்சமும் ஒரே படத்தில் வந்தால் கேமரா குழம்பும். படத்தில் வானத்தைக் குறைத்துக்கொண்டு, மரத்தண்டின் மேல் அளவு பார்க்க வேண்டும். கைப்பேசியாக இருந்தால் திரையில் அந்த மரத்தின் மேல் விரலால் தொட்டால் போதும். முகம் கருத்துப்போகும் படங்களுக்கும் இதுதான் மருந்து. முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.

அலோர் ஸ்டார் போகும் வழியில் இருபுறமும் நெல்வயல். தண்ணீர் கட்டியிருக்கும் வாரத்தில் வானம் முழுவதும் வயலுக்குள் இறங்கியிருக்கும். சுங்கை பட்டாணி நகரத்துக்குள் 1936-இல் கட்டிய மணிக்கூண்டு. சித்ரா பௌர்ணமிக்கு சுங்கை பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தில் காவடிகள். அங்கே அப்பா ஒரு விதி வைத்துக்கொண்டார். அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதில்லை. காவடி இறக்கியபின் கேட்டுவிட்டு எடுப்பார், வீட்டுக்கு வந்ததும் அவர்களுக்கே அனுப்பிவிடுவார். அப்படி அவருக்குக் கிடைத்த நண்பர்கள் இன்று இருபது பேருக்கு மேல்.

கேமரா இல்லையென்றால் புதிதாக வாங்கத் தேவையில்லை. பிள்ளைகள் மாற்றிவிட்டு வீசிய கைப்பேசியே தொடங்கப் போதும். படத்தைச் சீர்செய்ய ஸ்னாப்சீட் என்ற கைப்பேசிச் செயலி இலவசம். கணினிக்கு 'கிம்ப்' என்ற மென்பொருள் 1996 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையென்றால், உங்கள் வட்டாரத்தில் உள்ள 'நாடி' இணைய மையத்திலோ, சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் 'பாவே' மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையத்திலோ விசாரித்துப் பாருங்கள்.

பிஸ்கட் டின்

ஒரு மழை நாளில் அப்பாவால் வெளியே போக முடியவில்லை. அம்மா அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தார். "இதையெல்லாம் சரி பண்ண முடியுமான்னு பாருங்க."

உள்ளே கரையான் தின்றது, பூஞ்சை பூத்தது, ஒன்றோடொன்று ஒட்டியது என ஏறக்குறைய நூறு படங்கள். தோட்டத்து வீடுகளில் அந்தக் காலத்தில் கேமரா ஏது? 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுத்தார்கள். பால் வெட்டும் சனங்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேமராவுக்கு முன் உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு கல்யாணம், சாவு, தீபாவளி. டவுனிலிருந்து படக்காரர் வந்தால் ஒரு படம், இரண்டு படம். அவ்வளவுதான். இன்று ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு நாம் 200 படம் எடுக்கிறோம். அப்பாவின் பாட்டியை மொத்த வாழ்நாளில் எடுத்தது இரண்டே படங்கள்.

அப்பா இதில் மூழ்கிப்போனார். பழைய ஸ்கேனர் ஒன்றைத் தேடி வாங்கினார். ஸ்டோரில் வேலை பார்த்தவர் அல்லவா, எல்லாவற்றையும் எண் போட்டு அடுக்கினார். அவர் செய்து பார்த்துக் கண்டுகொண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

சாதாரண 4ஆர் அளவுப் படத்தை 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தால் பெரிதாக்கிப் பார்க்கப் போதும். அடையாள அட்டைப் படம் போலச் சிறியதாக இருந்தால் 1,200 வையுங்கள். சேமிக்கும்போது 'டிஃப்' வடிவத்தில் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 'ஜேபெக்' ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரம் இழக்கும்.

எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்கள் சிவந்துபோயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். அது போனபின் மிஞ்சுவது செந்நிறம். மென்பொருளில் நிறச் சமநிலையைச் சிவப்பிலிருந்து நீலப்பச்சைப் பக்கம் மெல்ல நகர்த்தினால், சிவந்த சேலைக்குள்ளிருந்து உண்மையான பச்சைச் சேலை வெளியே வரும்.

பசை தடவிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தப் பசைதான் படத்துக்கு எதிரி. ஆனால் பிய்த்து எடுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு அறுப்பது போல் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையா, ஆல்பத்தில் இருந்தபடியே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அடையாள அட்டைகளை ஸ்கேன் செய்தால் எண் தெரியும்படி முகநூலில் போட வேண்டாம். பழைய அட்டைதானே என்று நினைக்காதீர்கள்.

அப்பா செய்த தவறு

2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பாலிங் அருகே கூப்பாங்கில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு படம் இருப்பது தெரிந்தது. அப்பா பிறந்த தோட்டத்து லயத்துக்கு முன்னால் ஒன்பது பேர் வரிசையாக நிற்கும் குடும்பப் படம். நடுவில் நாற்காலியில் பாட்டி, அதாவது என் அப்பாவின் பாட்டி. அவரை எடுத்த இரண்டு படங்களில் ஒன்று அடையாள அட்டை, மற்றது இது. ஓரத்தில் கால்சட்டை போட்ட ஏழு வயதுப் பையன்தான் அப்பா.

அப்பா படத்தைக் கடன் வாங்கி வந்தார். ஸ்கேன் செய்தார். அதை எப்படி நேராக்குவது என்று கேட்டுப் புலனத்தில் எனக்கு அனுப்பினார். பத்து நாள் உட்கார்ந்து கீறல், புள்ளி, பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்தார். பக்கத்துத் தோலை மாதிரியாகக் காட்டிவிட்டுக் கறையின் மேல் தேய்த்தால் அதேபோல் நிரப்பிவிடும் கருவி ஒன்று கிம்ப்பில் உண்டு. அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. வேலை முடிந்ததும் அதே கோப்பின் மேலேயே சேமித்தார். அசல் படத்தை வாங்கியவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

2022 ஜூலை 4. பாலிங்கில் திடீர் வெள்ளம். மூன்று உயிர்களைக் கொண்டுபோன அந்த நாளில் மலையிலிருந்து மரங்களும் சேறும் கூப்பாங் வீடுகளுக்குள் புகுந்தன. எங்கள் உறவினர் குடும்பம் தப்பித்தது. வீட்டிலிருந்த ஆல்பங்கள் தப்பவில்லை. "படந்தானே, உசுரு தப்பிச்சதே பெருசு" என்றார்கள். உண்மைதான்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அப்பா அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, தன் அக்காவுக்குப் பரிசளித்தார். அத்தை அப்பாவைவிட எட்டு வயது மூத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் அவர் அழப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"பாட்டி கையில பச்ச எங்கடா?" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்னா பச்ச?"

"வலது கையில, முட்டிக்குக் கீழ. கோலம் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். ஊர்ல குத்துனது. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அவங்கம்மா கூட்டிப் போய்க் குத்திவிட்டாங்களாம். நான் சின்ன புள்ளையா இருக்கும்போது அது மேல வெரல வச்சுக் கோலம் போட்டுக்கிட்டே தூங்குவேன். எங்கடா அது?"

அப்பா பேசவில்லை. பத்து நாளும் அவர் பூஞ்சைப் புள்ளி என்று நினைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தது அதைத்தான்.

பாட்டி இறந்தபோது அப்பா சின்னப் பையன். அவர் கையை உற்றுப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. ஊரிலிருந்து அந்தப் பாட்டி கொண்டுவந்த சாமான் எதுவும் இன்று எங்களிடம் இல்லை. ஊரின் பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் மேனியோடு ஒட்டி வந்த அந்தக் கோலம் ஒன்றுதான் மிச்சம். அசல் படம் கூப்பாங் சேற்றில் போய்விட்டது. முதல் ஸ்கேனின் மேல் அப்பாவே எழுதிவிட்டார்.

அழகான வேறொரு பெண்மணி

என் சித்தப்பா மகன் ஒருவன், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றான். போட்டோம். அரை நிமிடத்தில் படம் வந்தது. பளிச்சென்று இருந்தது. பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லை. மூக்கு எடுப்பாக இருந்தது. கையில் பச்சை வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், வளையல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

அத்தை பார்த்தார். "யாருடா இந்தப் பொம்பள? அழகாத்தான் இருக்கா."

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பல்ல. மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள், படத்தில் மறைந்திருக்கும் முகத்தைத் தோண்டி எடுப்பதில்லை. எத்தனையோ அந்நிய முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இங்கே கண் இப்படி இருக்கலாம், மூக்கு இப்படி இருக்கலாம் என்று புதிதாக வரைகின்றன. படத்தில் இல்லாத தகவல் எதுவும் அதற்குத் தெரியாது. தெரியாததை அழகாக நிரப்பிவிடும். நமக்கும் அழகாக இருப்பதால் சந்தேகம் வராது. இன்னும் முப்பது ஆண்டு போனால், அந்தப் பெண்மணிதான் எங்கள் பாட்டி என்று என் பிள்ளைகள் நம்பியிருப்பார்கள். அத்தை உயிரோடு இருந்ததால் தப்பித்தோம்.

அந்த இரவு நான் என் கைப்பேசியைத் தோண்டினேன். எட்டு மாதத்துக்கு முந்திய உரையாடல். பூனை, பப்பாளி, காலை வணக்கம் எல்லாம் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தேன். இருந்தது. "இத எப்படி நேராக்குறதுமா?" என்ற கேள்வியோடு, சாய்ந்தபடி அந்தப் படம், துடைப்பதற்கு முன்னால் இருந்தபடி. புலனம் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் அளவில் மிகச் சிறியது. ஆனால் பெரிதாக்கியபோது, வலது முன்கையில் மங்கலாக, வரிசையாக, புள்ளிகள்.

அப்பா அடுத்த மூன்று வாரம் அந்தச் சிறிய படத்திலிருந்து கையை மட்டும் எடுத்துப் பெரிய படத்தில் பொருத்தினார். அந்தப் பகுதி மற்ற இடத்தைவிட மங்கலாகத்தான் இருக்கிறது. கூர்மையாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். எவ்ளோ தெரியுதோ அவ்ளோ இருக்கட்டும்" என்றார்.

இன்று எங்கள் வீட்டில் மூன்று சட்டங்கள் உண்டு. ஒன்று, முதல் ஸ்கேனைத் தொடக்கூடாது. நகல் எடுத்து அதில்தான் கை வைக்க வேண்டும். இரண்டு, எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள பிள்ளை வீட்டில் ஒன்று. வெள்ளம் ஒரே நாளில் இரண்டு ஊருக்கு வராது என்பது அப்பாவின் கணக்கு. புலனத்தில் அனுப்புவதானால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும், அப்போது சுருங்காது. மூன்று, துடைப்பதற்கு முன் மூத்தவர் ஒருவரிடம் காட்டி, "இது கறையா, இல்ல வேற ஏதாச்சுமா?" என்று கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்து ஒட்டிக்கொள்ள விடாதீர்கள். சேற்றைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, முகம் மேலே பார்க்க, ஒன்றோடொன்று படாமல் நிழலில் உலர்த்துங்கள். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகச் செய்யலாம். இது எங்களுக்கு அன்றே தெரிந்திருந்தால் கூப்பாங் ஆல்பங்களில் சிலவாவது மிஞ்சியிருக்கும்.

இடித்தபின் மிஞ்சுவது

அத்தையின் கேள்விக்குப் பிறகு அப்பா எடுக்கும் படங்கள் மாறின. சூரிய உதயம் குறைந்தது. தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்.

நமக்குத் தெரிந்த கதைதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் இருந்த இடத்தில் கடைவீடுகள். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், கிராணி வீடு எல்லாம் சொல்லாக மட்டும் மிச்சம். அந்த வாழ்க்கையைக் கெடாவின் எழுத்தாளர்கள் சீ. முத்துசாமியும் கோ. புண்ணியவானும் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். படத்தில் வைக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கெடாவிலேயே பெரிய உதாரணம் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கடாரம். அங்கே 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பழங்காலக் கட்டுமானங்களைத் தேடித் தோண்டி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். மெர்போக்கில் நாம் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டும் புக்கிட் பத்து பஹாட் சண்டி அவற்றில் ஒன்று. 11-ஆம் எண் கொண்ட சண்டி சுங்கை பத்து பகுதியில், தனியார் நிலத்துக்குள் இருந்தது. 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அதுவும் தரைமட்டமானது. 'பூஜாங் வேலி: தி வொண்டர் தட் வாஸ் ஏன்ஷியண்ட் கெடா' என்ற நூலை எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் எழுப்பியபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் இடித்தது இடித்ததுதான். இன்று 11-ஆம் எண் சண்டி எப்படி இருந்தது என்று அறிய, யாரோ முன்பே எடுத்து வைத்த படங்களையும் குறிப்புகளையும்தான் தேட வேண்டும்.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான சின்னத்துக்கே அந்த நிலை என்றால், 80 ஆண்டுப் பழைய லயத்துக்கு யார் காவல்? அப்பா அங்கே போனால் முதலில் தூரத்திலிருந்து முழு இடத்தையும் எடுப்பார். பிறகு கட்டடம், பிறகு கதவு, சுவரில் எழுதியது, கிணறு, கோயில் சூலம் என்று நெருங்குவார். ஊர்ப் பெயர்ப் பலகையை முதல் படமாக எடுத்துவிட்டால் பிறகு எந்த இடம் என்ற குழப்பம் வராது. தேதியும் இடமும் கைப்பேசி தானாகவே குறித்துக்கொள்ளும். கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

பெயர் எழுதுங்கள்

இப்போது நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கீறலைத் துடைக்க என்னால் முடியும். உங்கள் பத்து வயது மகனாலும் முடியும். ஆனால் இடமிருந்து நான்காவதாக நிற்பவர் யார் என்று சொல்ல, எந்த மென்பொருளாலும் முடியாது. அதற்கு அந்த லயத்தில் வாழ்ந்த ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அவர்களிடம் இருக்கும் பெரிய சொத்து பெயர்கள். அந்தப் பெயர்களுக்குத்தான் நேரம் குறைவு.

படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதலாம். கணினியில் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத இடம் உண்டு. தமிழிலேயே எழுதலாம். அது கடினமென்றால் கோப்பின் பெயரையே 'ஆண்டு, இடம், யார்' என்று மாற்றி வையுங்கள்.

இன்னொரு வழி, என் தொழிலிலிருந்து சொல்கிறேன். மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தைக் கையில் கொடுத்து, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அடைத்துவிடுங்கள். கைப்பேசியை மேசைமேல் ஒரு துண்டின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். "இது யாரு?" என்று மட்டும் கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "அன்னைக்கு என்ன சமைச்சீங்க?" "இந்தச் சட்ட யாரு தச்சது?" "படக்காரர் எதுல வந்தாரு?" என்று கேளுங்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். ஐந்து விநாடி பொறுத்தால் உண்மையான கதை அப்போதுதான் வரும்.

"இந்த வயசுல எங்களுக்கு எதுக்குமா கம்ப்யூட்டர்" என்பவர்களுக்கு ஜப்பானின் கிமிகோ நிஷிமோத்தோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமமோட்டோவைச் சேர்ந்த இந்தப் பாட்டி தம் 72-ஆம் வயதில், மகன் நடத்திய வகுப்பில்தான் முதன்முதலாகப் படம் எடுக்கக் கற்றார். பிறகு கணினியில் படத்தைத் திருத்தவும் பழகினார். துணி காயும் கம்பியில் தம்மையே தொங்கவிட்டது போலவும், குப்பைப் பைக்குள் கட்டிப்போட்டது போலவும் எடுத்த வேடிக்கைப் படங்கள் உலகமெங்கும் பரவின. 2011-இல் சொந்த ஊரில் முதல் கண்காட்சி, 2017-இல் தோக்கியோவில் இன்னொன்று. 2025-இல், 97 வயதில் காலமானார். அவருக்குக் கேமரா முதுமையைக் கேலி செய்யும் விளையாட்டு. எங்கள் அப்பாவுக்கு அது ஒரு கணக்குப் புத்தகம். உங்கள் வீட்டில் எதுவாக மாறும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் செய்ய வேண்டியது, பழைய கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, முதல் 300 பூனைப் படங்களைப் பொறுமையாகப் பார்ப்பது.

அப்பா இப்போதும் காலை ஐந்து மணிக்குத்தான் எழுகிறார். வாரம் ஒருமுறை அத்தை வீட்டுக்கு மடிக்கணினியோடு போகிறார். ஒரு நாளைக்கு ஐந்து படம், அதற்கு மேல் அத்தை களைத்துவிடுவார். இதுவரை 212 படங்களுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. பதினேழு முகங்கள் யாரென்று அத்தைக்கும் தெரியவில்லை. அவற்றைத் தனியாக ஒரு கோப்பில் வைத்து, கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே மூத்தவர்களைக் கண்டாலும் காட்டிக் கேட்கிறார்.

லயத்துக்கு முன்னால் எடுத்த அந்தக் குடும்பப் படம் மீண்டும் அச்சாகி அத்தை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதன் கீழே ஒன்பது பெயர்கள். அவற்றை இங்கே எழுத அத்தை அனுமதிக்கவில்லை. "நம்ம வீட்டுப் பேரு, பேப்பர்ல எதுக்கு?" என்றுவிட்டார். அப்பா எழுதிய மற்ற வரிகளை மட்டும் தருகிறேன்:

"1968, தீபாவளிக்கு மறுநாள் காலை. லயத்துக்கு முன்னால். நடுவில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் பாட்டி. வலது முன்கையில் இருப்பது கோலப் பச்சை. கப்பல் ஏறுமுன் ஊரில் குத்தியது. அந்த இடம் மட்டும் சிறிய பிரதியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. அதனால் கொஞ்சம் மங்கலாக இருக்கும். தவறு என்னுடையது."